சாம்பல் நல்ல நிறம்

வண்ணாரப்பேட்டை ஊர்வலத்தில்
மூடி பெயர்ந்த வடிகால் ஓரம்
வலது முன்னங்கால் ஒருமுறை மடங்கியது.
விழவில்லை.
மாப்பிள்ளையை மண்டபத்து வாசலில்
இறக்கிவிட்ட பிறகுதான்
நொண்டினாள் சில்லறை.

இரண்டு மஞ்சப்பை நாணயம்
எண்ணிக் கொடுத்து வாங்கியதால் அந்தப் பெயர்.
என் பெயர் கஜபதி.
நான் தொட்ட ஒரே யானை
அன்று ராத்திரி அவளை ஏற்றிப்போன
வாடகைக் குட்டியானை.

மாதவரத்தில் டாக்டர் பெனாசிர்
ஸ்கேன் திரையில் விரல் வைத்தார்.
வெள்ளைக் கயிறாய் ஓடவேண்டிய நரம்பில்
மிளகளவு கறுப்பு.
"அறுந்துபோகல, பிஞ்சிருக்கு.
ஒன்பது மாசம் ஆகும்."
பிலோமினா சிரித்துவிட்டாள்.
"அதையும் பெத்து எடுத்துடுறோம் டாக்டர்."
திரும்பும் வழியெல்லாம்
ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காசிமேட்டில்
போட்டுகளுக்கு ஐஸ் உடைக்கையில் சிதறுவதை
எபினேசர் கோணியில் ஒதுக்கி வைப்பான்.
வஞ்சிரத்துக்குப் போக மீந்த குளிர்
சில்லறையின் காலுக்கு, இருபது நிமிஷம்.
சாக்கு வழியே கசியும் மீன்வாடைக்கு
தெருப் பூனைகள் அத்தனையும்
அவளுக்கு உறவாகிவிட்டன.

காற்று திரும்பினால்
கொருக்குப்பேட்டைக்கே கடல் வந்துவிடும்.
ஆனால் மணலில் இறக்கக் கூடாது,
மணல் காலை உள்ளே வாங்கும், நரம்பை இழுக்கும்.
தார்ரோடுதான். நேராக. ஐந்து நிமிஷம்.
ஐந்து நிமிஷம் என்றால்
ரேஷன் கடை போய்த் திரும்புவது.
ஏழு என்றால் பால் பூத்.
கடிகாரம் கட்டாமலே
தெருவைப் படிக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆவணி முகூர்த்தங்கள்
வேறு குதிரைகள் மேலேறிப் போயின.
பூந்தமல்லிப் புரோக்கர் தெய்வசிகாமணி வந்து
"நின்னுக்கிட்டே தின்னுற ஜீவன்,
வந்த விலைக்குக் குடு" என்றார்.
பிலோமினா அவருக்கு டீ கொடுத்தாள்.
சர்க்கரை போடவில்லை.

ஐப்பசியில் கொட்டகைக்குள் தண்ணீர்.
கட்டு நனையாமல் இருக்க
எங்கள் கட்டிலுக்கு முட்டுக்கொடுத்த செங்கல்லை உருவி
அவளுக்கு மேடை போட்டோம்.
அவள் உயரத்தில் நின்று புல் மென்றாள்.
நாங்கள் கால் நனையத் தூங்கினோம்.
அந்த வாரம்
விற்றுவிடலாமா என்று நான் கேட்டது நிஜம்.
அவள் பதில் சொல்லாததும் நிஜம்.

கார்த்திகையில் இரண்டாவது ஸ்கேன்.
கறுப்பு போயிருந்தது.
அந்த இடத்தில் சாம்பல்.

எனக்குப் பகீரென்றது.
எண்ணூரில் தங்கச்சி வீட்டுக் கொடியில்
துணி காயும் முன்னே வந்து படிகிற நிறம்.
சோற்றுத் தட்டைத் துண்டால் மூட வைக்கிற நிறம்.
அவள் பிள்ளை இருமினால்
அந்த நிறம்தான் இருமுவதாய் நினைப்பேன்.

"நல்ல நிறம்ங்க" என்றார் டாக்டர்.
"நூல் நூலா வளருது."
எழுந்து கைகழுவிக்கொண்டே சொன்னார்:
"இனிமேதான் கவனம்.
வலி போனதும் அது
குணமாயிட்டோம்னு நினைச்சிக்கும்."

அது மட்டுமா.
நானும் அதற்குள்
தைக்கு எத்தனை முகூர்த்தம் என்று
தினசரிக் காலண்டரைப் புரட்டியிருந்தேன்.

நேற்று தெருமுனையில் பேண்டு செட்.
டிரம் விழுந்ததும்
அவள் காது இரண்டும் நிமிர்ந்தன.
வலது முன்னங்கால் தரையைத் தட்டியது.
ஒரு தட்டு. அந்தக் காலேதான்.
ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்,
ஆடிவிடாதே தாயே, ஆடிவிடாதே.
என் நெஞ்சு மட்டும்
தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது.
"புடிச்சிக்கோ" என்றாள் பிலோமினா,
"ஆனா ரொம்ப இறுக்காத."

யாரோ ஒரு மாப்பிள்ளை
பைக்கில் போய்ச் சேர்ந்தான்.

நாளைக்குப் பதினெட்டு நிமிஷம்.
ரேஷன் கடை, பால் பூத்,
ரயில்வே கேட் தாண்டி
அந்தப் பக்கத்து வேப்பமரம் வரை.
கூட்ஸ் வண்டி குறுக்கே நிற்காமல் இருந்தால்.