ஐந்து புள்ளி பூஜ்யம்

நார்வா. எஸ்தோனியாவின் கிழக்கு விளிம்பு.
மருத்துவமனையின் கீழ்த்தளம், காலை ஆறு மணி.
வரிசையில் நாற்பத்தோராயிரம் அஞ்சல்.
"இயந்திரம் கிழடு, புதிதாய் வாங்கு" என்று
தாலினிலிருந்து தொலைபேசியில் கொட்டாவி விடுகிறார் ராய்வோ.

கிழடில்லை. பார்க்கிறேன்,
செயலி சும்மா கிடக்கிறது,
நினைவகம் பாதி காலி.
வேலையே செய்யாமல் மூச்சு முட்டுகிறது இதற்கு.

பதிவுகளை வரிவரியாய் இறக்கினேன்.
ஒவ்வொரு அஞ்சலையும் வாசலில் நிறுத்தி
வடிகட்டி எங்கோ கேட்டனுப்புகிறது:
இவனைத் தெரியுமா, யோக்கியனா?
பதில் சொல்லவேண்டிய சேவையகத்தைப்
போன இலையுதிர்காலத்திலேயே மூடிவிட்டார்கள்.
செத்தவனிடம் சாட்சி கேட்டு
தலைக்குப் பதினைந்து விநாடி
காத்து நிற்கிறது ஊர்.

அந்த வரியின் முன்னால் ஒரு குறி. ஊமையாயிற்று.
திரும்பத் திரும்பக் கேட்கும் பெயர்களுக்குப்
பக்கத்திலேயே ஒரு குறிப்பேடு.
வடிகட்டும் கைகள் ஐந்து; பதினாறாக்கினேன்,
நினைவகம் திணறியது. பன்னிரண்டு போதும்.

மடை திறந்தது.
எட்டரைக்கு வரிசை பூஜ்யம்.
"தூப்ளி" என்றார் ராய்வோ,
அவர்கள் மொழியில் சபாஷ்.

தேநீர்க் கோப்பையோடு குப்பைக் கூடையைத் திறந்தேன், சும்மாதான்.
மலிவு மாத்திரை, லாட்டரி, முகமில்லாத ஒருத்தியின் காதல்,
நடுவே
நினெல் ஸூயெவா, எழுபத்தெட்டு வயது:
"டாக்டர், செவ்வாய்க்கிழமை ஊசிக்கு வர முடியாது.
லிஃப்ட் ஓடவில்லை. ஏழாம் மாடி."

ரஷ்ய எழுத்து: 2.8
தலைப்பு காலி: 1.1
முழுக்கப் பெரிய எழுத்து: 1.2
ஐந்தைத் தாண்டினால் குப்பை. இவர் ஐந்து புள்ளி ஒன்று.

அந்த 2.8-ஐ வைத்தது தாலினில் யாரோ.
அங்கே அது சரியாகக்கூட இருக்கலாம்.
இங்கே ரொட்டிக்கடையில் கடன் எழுதுவதும்
என் அம்மா கைபேசியில் என்னைத் திட்டுவதும்
அந்த எழுத்தில்தான்.

இரண்டரை மணி நேரமாய் நான் செய்தது இவ்வளவுதான்:
பதினைந்து விநாடி தயங்கிச் செய்துகொண்டிருந்த தவறை
அரை விநாடியில் செய்யப் பழக்கிவிட்டேன்.

2.8-ஐ அழித்து 0 இட்டேன்.
மாலைக்குள் நாலு மாத்திரை விளம்பரம் கூடுதலாய் நுழையும்,
ராய்வோ கூப்பிடுவார். கூப்பிடட்டும்.
நினெலின் கடிதத்தை இரண்டாம் மாடிக்கு அனுப்பினேன்.
கூடையில் இன்னும் அறுநூற்றுப் பன்னிரண்டு.
இதற்கு வேகம் கூட்ட வழியில்லை,
ஒவ்வொன்றாய்ப் படிக்கவேண்டும்.
தேநீர் ஆறிவிட்டது.