வெறும் வண்டி எடை

பரதராமி தாண்டி, ஆந்திராப் பக்கம் ஒரு கிலோமீட்டர்.
மாங்கூழ் ஆலையின் எடைமேடை அறையில்
மேற்கே திறந்த ஒரே ஜன்னலுக்கு
முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.
வயர் அந்த நீளம்தான் வரும்.

லேப்டாப், முதலாளி மகன்
பெங்களூரில் படம் பார்த்துச் சலித்தது.
கிளாஸி திரை.
காலையில் அதில் எண்கள்
நாவல்பழம் போலக் கறுத்து மினுங்கும்.
நாலு மணிக்கு
வெயில் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும்;
எண்கள் போய் நான் தெரிவேன்.
என் மூக்குத்தி, ஜன்னல் கம்பி,
கம்பிக்குப் பின்னால் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்,
ஸ்டியரிங்கில் கவிழ்ந்து தூங்கும் ஆள்,
அவனுக்குப் பின்னால் சித்தூர் ரோடு வரைக்கும் வரிசை.

வெளிச்சத்தை முழுசாக ஏற்றினேன்.
சூரியனோடு போட்டி போட்ட பேட்டரி
இருபது நிமிஷத்தில் செத்தது.
அட்டைப்பெட்டியை வெட்டிக் கூரை போட்டேன்.
தலையை உள்ளே விட்டு எடை பார்த்தால்
அந்தக் காலத்து போட்டோக்காரி மாதிரி இருக்கிறேனாம்.
ஒருத்தன் சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொண்டு
ஜன்னலுக்கு நேராக நின்றான்.

ஒரு புதன்கிழமை, மேகம் கட்டியிருந்தது.
கூரையை எடுத்து வைத்துவிட்டுத்
திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கங்கிரெட்டியின் வண்டி காயைக் கொட்டிவிட்டு
வெறும் வண்டியாய் மேடைக்குத் திரும்பியது.
கறுப்பில் பார்த்தேன்:
சூப்பர்வைசர் ஏகாம்பரம்
போன் பேசுகிறவர் போல நடந்து வந்து
மேடை இரும்பின் ஓரத்தில் ஏறி நின்றார்.
இரண்டு காலும்.
சீட்டு அச்சடிக்கிற சத்தம் கேட்டதும்
இறங்கினார்.

எழுபது கிலோ இருப்பார்.
வெறும் வண்டி கனத்தால்
மாங்காய் இளைக்கும்.

கழுத்தைத் திருப்ப ஒரு நொடி போதும்.
திருப்பவில்லை.
கண்ணாடியில் பார்த்தது பார்த்ததாகுமா
என்று என்னையே கேட்டுக்கொண்டேன்,
அடுத்த வண்டிக்கும்.
அதற்கடுத்த வண்டிக்கு மேகம் விலகிக் கண் கூசியது.
கூசியது நல்லதாகப் போயிற்று.

ஆனால் கண்ணாடி இரண்டு பக்கமும் பார்க்கும்.
அவருக்கும் என் கண் தெரிந்திருக்கிறது.
வெள்ளிக்கிழமை மேட் ஃபிலிமோடு வந்தார்.
"குடியாத்தத்துல முன்னூத்தி அம்பது. என் காசு.
கண்ணு கெட்டா இன்னா பண்ணுவ, கோமளா?"
அவரே ஒட்டினார்.
ஆலை அடையாள அட்டையால் குமிழிகளை
ஓரத்துக்கு ஓட்டி ஓட்டி வெளியேற்றினார்.
மூலையில் ஒன்று மட்டும் போகவில்லை.

மேட் நல்ல திரை. பொய் சொல்லக் கூடாது.
வெயில் அதில் விழுந்ததும்
கோலமாவு போலப் பரவி அடங்கிவிடுகிறது.
கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்தது, அவ்வளவுதான்.
மூக்குத்தி இல்லை. கம்பி இல்லை.
வரிசை இல்லை. அவர் இல்லை.
நாலு மணிக்கும் எண்கள்,
ஐந்து மணிக்கும் எண்கள்,
எண்களைத் தவிர எதுவும் இல்லை.

அந்தச் சுகத்தில்தான் கண்ணில் பட்டது.
கங்கிரெட்டி வண்டி, வெறும் எடை:
போன வருஷம் 3,105.
திங்கள் காலை 3,110.
இன்று சாயங்காலம் 3,180.

இரும்பு வெயிலில் சதை போடுமா?

இனி வெயிலைக் காரணம் சொல்ல முடியாது.

சீட்டுத் துவாரத்தில் கங்கிரெட்டியின் கை நீள்கிறது.
மாங்காய்ப் பால் பட்டு வெந்த விரல்கள்.
"எந்தம்மா?"
தெலுங்கில் அதற்கு எவ்வளவு என்று அர்த்தம்.
பத்து வருஷமாக அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.
இன்று தமிழாகவே காதில் விழுகிறது.
எந்த?
எந்த எடை?

முதுகுக்குப் பின்னால்
மேடை லேசாக முனகுகிறது.
பிரிண்டரின் பச்சை விளக்கு எரிகிறது.

இந்த நாற்காலிக்குச் சக்கரம் கிடையாது.
எழுந்து,
தூக்கித்தான் திருப்ப வேண்டும்.