மூன்றில் இரண்டு

கிழக்கு மொன்டானாவில் மைனஸ் இருபத்தாறு.
சமையல் மேசைதான் என் அலுவலகம்,
காலடியில் நாய்.
திரையில் இன்றைய நாற்பத்தோராவது குறிப்பு:
ஆர்வில் ஸ்டென்ஸ்ருட், வயது எண்பத்தொன்று.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை.
மருத்துவர் யோசித்ததை நிறுத்துப் பார்த்து
விலைக்கு ஓர் எண் போடுகிறவள்.

என் தராசுக்குத் தட்டுகள் மூன்று.
நோய் எவ்வளவு முற்றியது,
எத்தனை தாள் புரட்டினார்,
முடிவு தவறினால் என்ன போகும்.
மூன்றில் இரண்டு தாழ்ந்தால் போதும்.

சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்துவிட்டன.
முதல் தட்டு உடனே தரை தொட்டது.

இரண்டாவதில்தான் இழுபறி.
ரத்தப் பரிசோதனை ஒன்று,
பில்லிங்ஸ் நிபுணரின் கடிதம் ஒன்று,
பிறகு மனைவி வெர்னா சொன்னது:
"டயாலிசிஸுக்கு இருநூறு மைல் போகணும்னா
கன்று ஈனுகிற நேரம், முடியாதுங்கிறார்.
மாடெல்லாம் விற்று ஆறு வருஷமாச்சு."
நோயாளிக்காக இன்னொருவர் பேசினால்
விதிப்படி அதுவும் தரவு.
ஐம்பத்தெட்டு வருடத் தாம்பத்தியத்துக்கு
ஒரு புள்ளி போட்டேன்.
போதவில்லை. தட்டு பாதியில் நின்றது.

மூன்றாவதில் டாக்டர் லிண்ட்க்விஸ்ட்
இரண்டே வரி எழுதியிருந்தார்:
"இயந்திரம் வேண்டாம் என்கிறார்கள், இருவரும்.
வலிக்கு மட்டும் பார்ப்போம்."
கீழே அவரே குறித்த நிலை: மூன்று.

அழைத்தேன்.
"டாக்டர், இது ஐந்து."
"ஐந்தா? டார்லீன், நான் ஒன்றுமே செய்யவில்லையே.
ஒரு மணி நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்."
"ஒன்றும் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள்.
அட்டவணையில் அதற்குமேல் எடை இல்லை."

எதிர்முனையில் வெகுநேரம் பேச்சில்லை.
பிறகு, "வெர்னாவுக்கு எவ்வளவு வரும்?"

ஐந்தில் ஒரு பங்கு அவள் கையிலிருந்து.
மூன்றென்று விட்டால் குறையும்.
குறைத்துப் போடுவதும் பொய்க்கணக்குதான்,
பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள்.
இதை அவரிடம் சொல்லும்போது
என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"போடு" என்றார்.

போட்டேன்.
நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

நாற்பத்திரண்டு:
பள்ளி வேலிக் கம்பியில்
நாக்கு ஒட்டிக்கொண்ட பையன்.
வரும்முன்பே வெந்நீர் ஊற்றி எடுத்துவிட்டார்கள்.
வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், அனுப்பினார்.

மிக எளிது.