பக்கம் நாற்பத்தொன்று

ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது பெட்டி.
புதிதென்றால் அறுநூற்று நாற்பது வெள்ளி,
யாரோ படித்துவிட்ட பழசு, இருநூறுக்குக் கிடைத்தது.
ஒரு வருடப் படிப்பு முழுக்க உள்ளே இருப்பதாக
மூடியில் ஒட்டியிருந்தது.
குணாளன் அரிசி மூட்டைபோல் தோளில் சுமந்து வந்து
மேசையில் இறக்கினார்.
மேசைக்கு ஒரு கால் நொண்டி.

முதலில் பாய்ந்தவள் லோஷினி.
மைலோ டின்னின் முதுகைக்கூட
படிக்காமல் விடமாட்டாள்.
மத்தியானத்துக்குள் அறிவியலில் மூன்று பாடம் முடித்து
எரிமலைக்கு வினிகர் வேண்டுமென்று வந்து நின்றாள்.
அச்சாருக்கு வைத்திருந்தது போயிற்று.

தர்வினுக்குப் பன்னிரண்டு நெருங்குகிறது.
எழுத்து அவனுக்கு ஓரிடத்தில் நிற்காது.
இரண்டு சுழியா மூன்று சுழியா
என்று எண்ணி முடிப்பதற்குள்
சொல் கிளம்பிப் போயிருக்கும்.
மலாயில் பீயும் டீயும்
முதுகைத் திருப்பிக்கொண்டு அவனைக் கேலி செய்யும்.
'இன்னும் முயற்சி தேவை'
அறிக்கைப் புத்தகத்தில், சிவப்பு மையில், நான்கு வருடம்.
அவன் முயற்சியைத் துவைத்தவள் நான்.
கடித்துக் கடித்து நூலாகிப்போன சட்டைக் காலர்கள்.

சின்னவனுக்கு நவிலன் என்று பெயர் வைத்தோம்.
ஆறு வயதாகிறது,
இன்னும் நவிலத் தொடங்கவில்லை.
பெட்டியிலிருந்த பட அட்டைகளைச்
சமையல்கட்டிலிருந்து குளியலறை வரை
ஓட்டு இடுக்கு பிசகாமல் வரிசையாக வைத்தான்,
எல்லாம் குப்புற.
யானை, கப்பல், குடை எதுவும் அவனுக்கு வேண்டாம்.
பின்பக்கத்து நீலம்தான் வேண்டும்.
அன்று முழுக்க நாங்கள்
அந்த நீலத்தைத் தாண்டித் தாண்டி நடந்தோம்.

கல்வி இலாகா பாரத்தில் ஒரு கேள்வி:
எந்தப் பாடத்திட்டம்? ஒன்றை மட்டும் குறிக்கவும்.
கட்டத்தின் மேல் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.
சோறு பொங்கி வழிந்தது.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மொத்தம் முப்பத்தொரு பிள்ளைகள்.
தலைமையாசிரியர் சண்டைக்கு வரவில்லை.
ஊத்தான் மெலிந்தாங் சந்தையில்
கெம்போங் மீன் தட்டுக்கு அந்தப்பக்கம் நின்று
'மூணு பேருமா?' என்று மட்டும் கேட்டார்.
முப்பத்தொன்றில் மூன்று போனால்.
அந்தக் கழித்தலுக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம்.
அன்றிரவு அதை நான்
திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்,
விடை மாறுமோ என்று.

நம்பிக்கையாகத் தொடங்கினேன், மறைப்பானேன்.
எட்டு மணிக்குக் கணக்கு, ஒன்பதுக்கு மொழி என்று
அட்டவணை எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டினேன்.
புதன்கிழமை கத்தினேன்.
வியாழக்கிழமை அட்டவணையைக் காணோம்.
யார் கிழித்தது என்று கேட்கவில்லை,
எனக்கே அந்த ஆசை இருந்தது.

ஆலையிலிருந்து எண்ணெய் வாடை ஏறிவரும் நேரம்,
கணக்குப் புத்தகத்தோடு வந்தான் தர்வின்.
'மா, இதுல யாரோ எழுதியிருக்காங்க.'
பக்கம் நாற்பத்தொன்று.
ஆங்கில வரிகளின் ஓரத்தில், பென்சிலில், தமிழில்.
வாசித்துவிட வாயெடுத்தேன்,
அவன் கையை நீட்டித் தடுத்தான்.

நகத்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டான்.
'இங்...கே...'
கொசுவத்தி ஒரு சுற்று எரிந்திருக்கும்.
'ரெண்டு சுழி. ரெண்டுதான்.'
பிறகு மொத்தமாக:
'இங்கே நிறுத்தினோம்.'

அதற்கப்புறம் புரட்டினால்
பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.
ஒரு கோடு, ஒரு விரல் அழுக்கு,
எதுவும் இல்லை.

'ஏன் நிறுத்துனாங்க?'
'தெரியலடா.'
'அந்தப் பையனும் என்ன மாதிரியா?'
தெரியவில்லை என்று இன்னொரு முறை சொல்ல
நாக்கு எழவில்லை.
'சாப்பிடப் போயிருப்பாங்க' என்றாள் லோஷினி,
வேறெதையோ படித்துக்கொண்டே.

நவிலன் வந்தான்.
வரிசையிலிருந்து ஒரே ஓர் அட்டையை எடுத்து வந்து
அந்தப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தான்.
சரியாக இல்லை போலிருக்கிறது,
ஒரு விரலால் கொஞ்சம் நகர்த்தினான்.

காலையில் லோரிக்குக் கிளம்பிய குணாளன்
மேசையைத் துடைத்திருக்கிறார்,
புத்தகத்தைச் சுற்றி மட்டும்.
பாரம் அதனடியில் இருக்கிறது.
கட்டம் காலி.