காற்றுக்கு ரசீது

மஞ்சக்குப்பத்தில் எங்கள் கூரியர் கடை.
ஜெராக்ஸ் மெஷினுக்கும் மின்தராசுக்கும் நடுவே
என் நாற்காலி போக மிச்சமிருக்கும் இடம்.

ஓல்டு டவுனிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் ராயப்பன்,
மார்போடு அணைத்தபடி
ஒரு தலையணையை.
இலவம்பஞ்சு. நீலப்பூ போட்ட உறை.
"அயர்லாந்துக்குப் போகணும் பாப்பா.
வீட்டுக்காரி அங்க நர்ஸு.
அந்த ஊரு தலகாணி ஸ்பாஞ்சாம்,
நைட் டூட்டி முடிஞ்சு படுத்தா கழுத்து புடிச்சுக்குதாம்."

தராசில் வைத்தேன்: ஒரு கிலோ நானூறு.
அவர் முகம் தெளிந்தது.
சர்க்கரை வாங்கும் கணக்கில்
ஒன்றரைக் கிலோவுக்கு மனசுக்குள் ஒரு விலை போட்டிருப்பார்.

டேப்பை இழுத்தேன்.
நீளம் அறுபது, அகலம் நாற்பது, உயரம் இருபது.
பெருக்கி, ஐயாயிரத்தால் வகுத்தால்
ஒன்பது கிலோ அறுநூறு.
பத்து என்று எடுத்துக்கொள்வார்கள்.

"தராசு பொய் சொல்லுதா?"
இல்லண்ணே. ஃப்ளைட்டுல
எடைக்கும் கணக்குண்டு, அடைக்கிற இடத்துக்கும் கணக்குண்டு.
ரெண்டுல எது பெருசோ அதுக்குக் காசு.
"அப்ப மிச்ச எட்டு கிலோ?"
காத்துண்ணே.

அவர் சிரிக்கவில்லை.
"தானே புயல்ல எங்கூட்டுக் கூரையத் தூக்கிட்டுப் போச்சே,
அந்தக் காத்து எத்தன கிலோ?"
என் ரேட் சீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

கட்டணம், அதன்மேல் எரிபொருளுக்கு நூற்றுக்கு இருபத்தாறு,
இரண்டையும் கூட்டி அதன்மேல் பதினெட்டு ஜிஎஸ்டி:
பதினாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம்.
தலையணை வாங்கினது நானூற்றி எண்பதுக்கு.

பக்கத்து செல்போன் கடையில்
தூசு உறிஞ்சும் மெஷின் இரவல் கேட்டேன்.
முதலாளிக்குத் தெரிந்தால் வேறு பேச்சு.
தலையணையை மடித்து, வால்வு வைத்த பாலித்தீன் பையில் போட்டு
அவரை மேலே உட்காரச் சொன்னேன்.
உறுமிற்று மெஷின்.
பஞ்சு முனகிற்று.
கடை முழுக்க ஒரு வாசனை வந்தது,
வேப்பெண்ணெய் சோப்பும் பீடியும் கலந்தது போல.
கடைசியில் நாற்பது, முப்பது, பத்து.
இரண்டு கிலோ நானூறு.
இரண்டரைக்குள் அடங்கியது.
ஐயாயிரத்து நானூற்று இருபத்தேழு.

படிவம் நிரப்பினேன்.
பஞ்சில் விதை இருக்கா? இருந்தால் கஸ்டம்ஸில் நிறுத்தலாம்.
"நேத்தே பிரிச்சுப் பார்த்துட்டேன். மூணு கொட்ட."
சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.
புதுசா, பயன்படுத்தினதா?
பதில் வரவில்லை.
பேனாவோடு நிமிர்ந்தேன்.

"ஒரு மாசமா நாந்தான் அதுல படுத்தேன்.
அவதான் கேட்டா, படுத்துட்டு அனுப்புன்னு."

இருவரும் அந்த மெஷினைப் பார்த்தோம்.
யாரோ ஆதார் கார்டு ஜெராக்ஸ் கேட்டார்,
இரண்டு காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அமுக்காம அனுப்பிடலாமாண்ணே?
கையிலிருந்த நோட்டுகளை இன்னொரு தரம் எண்ணினார்.
பதினொன்று ஐந்நூறு, ஒரு நூறு.
"விசாவுக்கு வேற கட்டணும்.
இலவு காத்த கிளின்னு என்னைத்தான் சொல்றான் மச்சினன்.
இப்படியே போகட்டும்."

டேப் ஒட்டப் போன என் கையை நிறுத்தினார்.
பையின் வால்வைத் திறந்து, குனிந்து,
ஒரே ஒரு மூச்சு ஊதி
மூடினார்.

மறுபடி அளந்தேன்.
உயரம் பத்தரை.
இரண்டு கிலோ ஐந்நூற்று இருபது, அதாவது மூன்று.
ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் ஏறும்.
அவர் வெளியே பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையில் இன்னொரு தரம் அளப்பார்கள்.
பிடிபட்டால் என் சம்பளத்தில்தான்.

பத்து என்று எழுதினேன்.