திரும்பு

ஓஷ் சந்தையில் அந்தக் கடைக்காரன்
"அக்கா, இது சூரியகாந்தி மாதிரி" என்றான்.
சூரியகாந்தியை நான்
லாரிக்காரர்கள் துப்பிய தோலாகத்தான் பார்த்திருக்கிறேன்.
மூவாயிரத்து அறுநூறு மீட்டர் உயரத்தில்
எந்தப் பூவும் கழுத்தை நீட்டுவதில்லை.

எவ்வளவு குளிர் தாங்கும் என்று கேட்டேன்.
பெட்டியின் அடிப்பக்கத்தைக் காட்டினான்:
பூச்சியத்துக்குக் கீழே இருபது.
எங்கள் முர்காபில் ஜனவரி
நாற்பதில் ஆரம்பித்துத்தான் பேரமே பேசும்.
அதைச் சொல்லியே விலையில் கால்வாசி குறைத்தேன்.
மிச்சப் பணம் மாமத்கெரிமின் ஜீப்புக்கு.
எனக்கு ஓர் இருக்கை, பெட்டிக்கு இரண்டு.
கணவாய் ஏறும்போது
அவனுக்கும் எஞ்சினுக்கும் ஒரே இருமல்.

குழி தோண்ட இரண்டு நாள்.
சாணம் எரித்து, இளகிய ஒரு சாண் மண்ணை அள்ளி,
மறுபடி எரித்து.
காற்றடித்தால் பலகை தட்டையாகப் படுக்க வேண்டும்,
பனி கொட்டினால் செங்குத்தாக நிற்க வேண்டும்.
இரண்டும் சேர்ந்து வரும் இரவுக்குக்
கையேட்டில் பக்கம் இல்லை.

மோட்டாரின் கிரீஸ் மெழுகாகி நின்றுவிட்டது.
ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டு,
காவல்படை விட்டுப்போன கிடங்கிலிருந்து
விமானத்துக்கானது என்று எழுதிய டின்னைத் திறந்தேன்.
முப்பது வருடமாகியும் தேன்போல் இருந்தது.
பிறகு கன்ட்ரோலர் அணைந்தது.
குளிரில் பலகைகள் வோல்ட்டை அள்ளித் தருமாம்.
அதிகம் கிடைத்தாலும் இருட்டாகும் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.
ஒரு பலகையைக் கழற்றினேன்; சமாதானமானது.

முதல் பனிக்கு மறுநாள்
ஒளியுணரி ஏமாந்தது.
எதிர்ச்சரிவின் வெண்மையைச் சூரியன் என்று நம்பி
பகல் முழுக்க வடக்கே பார்த்து நின்றது.
அதன் முதுகுக்குப் பின்னால்
நிஜமானது நடந்து போய்விட்டது.
"உன் மெஷின் யாரையோ காதலிக்கிறது" என்றாள்
நர்ஸ் குஷ்னமோ.
அன்று இரவு ஆக்சிஜன் இயந்திரம் மூன்று மணிக்கு நின்றது.
எட்டு நாள் குழந்தையை
டீசல் தேடி ஓடும் ஒருவனின் காலடிச் சத்தம் வரும்வரை
அவள் மார்போடு வைத்திருந்தாள்.
அதற்கப்புறம் அவள் அந்த நகைச்சுவையைச் சொல்லவில்லை.

உணரியைப் பிடுங்கினேன். கடிகாரம் வைத்தேன்.
எந்தக் கடிகாரம்?
அலுவலகத்தில் துஷான்பே நேரம்,
சந்தையில் ஓஷ் நேரம்,
தெருவைக் கடந்தால் ஒரு மணி வித்தியாசம்.
பள்ளிக்குப் பிந்தும் பிள்ளைகள்
தோதானதைச் சொல்லிக்கொள்வார்கள்.
முற்றத்தில் ஒரு கம்பியை நட்டு
நிழல் மிகக் குட்டையான கணத்தைப்
பன்னிரண்டு என்று அதற்குச் சொன்னேன்.
கிழக்கு முகடு உயரம், எட்டேகால் வரை தூங்கு என்றும் சொன்னேன்.
ஆக, ஊரில் இப்போது மூன்றாவது நேரம் ஒன்று இருக்கிறது.
அதன்படி வாழ்வது
இந்த இரும்பு மட்டும்.

என் பெயர் புருல்.
எங்கள் மொழியில் திரும்பு என்று பொருள்.
மூன்றாவதும் பெண் என்றதும் அப்பா வைத்தது,
அடுத்த தடவையாவது விதி திரும்பட்டும் என்று.
திரும்பவில்லை.
அடுத்தவளுக்கு உல்கான் என்று பேர் வைத்தார்,
மகன் என்ற சொல்லை அதற்குள்ளேயே ஒளித்து.
அவளுக்குப் பின்னால் வந்தவளும் பெண்தான்.
இதையெல்லாம் நான் கோபமாகச் சொல்லவில்லை,
ஸ்பானர் கையில் இருக்கும்போது
கோபப்பட்டால் மரை போய்விடும்.

சூரியன் மேற்கு மலையில் இறங்கியதும்
பலகை தானாகக் கிழக்கே புறப்படுகிறது.
பதினோரு நிமிடம். பற்சக்கரம் அரைக்கும் சத்தம்
வார்டு வரைக்கும் கேட்கும்.
இன்று நடுவழியில் ஏதோ இடறிற்று.
குஷ்னமோ சன்னலைத் திறந்து கத்தினாள்:
"புருல்!"

கிரீஸ் கையோடு நான் திரும்பினேன்.
அதுவும்,
கொஞ்சம் முனகிவிட்டு.