பச்சை வழி

மடியில் கனமிருந்தால்தான்
வழியில் பயம் என்பார்கள்.
மதுரை விமான நிலையத்தில்
பதினோரு வருஷமாய் நான் பார்ப்பது வேறு.
கனமுள்ளவன் கொட்டாவி விடுவான்,
"சாப்டாச்சா சார்?" என்பான்.

இன்று துபாய் விமானத்தில் வேர்த்து நின்றது
எழுமலை ஒச்சப்பன்,
கம்பி கட்டுகிறவன்.
டாங் டப்பா, கோடாலித் தைலம், புலிப் போர்வை,
பெண்டாட்டிக்கு ஒரு மிக்சி.

திரையில், மிக்சியின் வயிற்றுக்குள்
கறுப்பாய் ஓர் உருண்டை.
போன மாதம் வேறொருவன் மிக்சியில்
அதே இடத்தில்
முக்கால் கிலோ இருந்தது.

திருப்புளி எடுத்தேன்.
செம்புக் கம்பி.
வெறும் செம்புக் கம்பி.
பிரிக்கத் தெரிந்த எனக்குப்
பூட்டத் தெரியவில்லை.
அவனே குத்தவைத்து
உதிரிகளைப் பொறுக்கி
கைலியில் முடிந்துகொண்டான்.
"பரவால்ல சார், ஊர்ல ஆளிருக்கு."

அதற்குள் நாலைந்து கொட்டாவிகள்
பச்சை வழியில் போய்விட்டன.

பணி முடிந்து
பெருங்குடி தாண்டி வருகிறேன்.
மண்டேலா நகரில் போலீஸ் கைகாட்டுகிறது.
லைசென்ஸ் தேடிச்
சட்டைப்பைக்குள் விட்ட விரலில்
தட்டுகிறது
மிக்சியின் திருகாணி ஒன்று.

"என்ன சார்,
இப்படி வேர்க்குது?" என்கிறார்
ஏட்டு.